இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, லேப்டாப்பை மூடுவதற்கு முன் தினமும் ஒருமுறை பார்த்துவைக்கும் பட்டியலில் சின்னு அதைக் கவனித்தாள். இரண்டே வரி உள்ள பட்டியல் அது. முதல் வரி அவளுடைய லேப்டாப். இரண்டாவது வரியில் ‘அப்பா’ என்று இருக்கும். அதன் பக்கத்தில், கடைசியாகத் தொடர்பு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு இருக்கும். நாளுக்கு ஒன்று கூடிக்கொண்டே வந்த எண், நேற்று நாற்பத்தொன்றில் நின்றது. இன்று அந்த இடத்தில் ‘பதினொரு விநாடிகளுக்கு முன்’ என்று இருந்தது.

அப்பா இறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. அவர் வீட்டைக் காலி செய்தபோது அணைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர், ஆறு வாரமாக அட்டைப் பெட்டிக்குள், பழுப்பு டேப் ஒட்டி, இதே அறையின் பரணில், அவள் தலைக்கு மேலேதான் இருந்தது.

முக்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தாள். டேப் பிரியவில்லை. மேலே தூசி கூட அப்படியே இருந்தது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஓடுகிற இயந்திரம் என்றால் ஒரு சூடு இருக்கும், ஒரு சன்னமான அதிர்வு இருக்கும். ஒன்றும் இல்லை. ஜில்லென்று இருந்தது. இறங்கி வந்து பார்த்தபோது பட்டியலில் ‘நான்கு விநாடிகளுக்கு முன்’ என்று இருந்தது.

இந்தப் பட்டியல்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுடைய பிழைப்பே. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நானூறு பேர் வீட்டிலிருந்தபடியே தங்கள் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை பார்த்தார்கள். அவர்கள் போய்வரும் பாதையை அவள் காவல் காத்தாள். டனல் என்பார்கள் அதை. வெட்டவெளியாகக் கிடக்கும் இணையத்தின் நடுவே, வெளியாள் எட்டிப் பார்த்தால் ஒரு எழுத்தும் புரியாதபடி பூட்டிய பாதை. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. சாவி இருந்தால் வழி உண்டு, இல்லாவிட்டால் சுவர்தான். வேலையை விட்டுப் போனவரின் சாவியை அன்று மாலைக்குள் அழித்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்து, இருந்தால் வெளியே அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் சாவியில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டு சாவியை முதலில் அழித்தால் வந்தவர் உள்ளேயே அந்தரத்தில் தங்கிவிடுவார், திறந்த கோப்பு திறந்தபடி கிடக்கும், இங்கிருந்து யாராலும் அவரை வெளியேற்ற முடியாது. இதை மறந்த புதுப் பெண் ஒருத்தியை ஒரு நாள் முழுக்க வறுத்தெடுத்திருக்கிறாள் சின்னு.

ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவள், சொந்த வீட்டில் அப்பாவின் சாவியை எழுபது நாளாக அழிக்கவில்லை. அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் ‘உறுதியா?’ என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்ததும் பக்கத்தை மூடிவிடுவாள்.

அப்பா காகித மில்லில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். கூழ் அரைக்கும் இயந்திரங்களின் இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. பதினொரு மணி நேரப் பயண தூரத்தில், வேறொரு ஊரில், தனியாக இருந்தார். போனில் பேச முடியாது. கைபேசியின் குட்டி எழுத்துகளோடு அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் அவள் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, இங்கே வேலை அறையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சிறிய சர்வரை மாட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு டனல் போட்டாள். மாலை ஆறு மணிக்கு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அவருடைய திரைக்குள் நுழைவாள். நோட்பேட் திறந்திருக்கும். அவள் இங்கிருந்து எழுதுவாள், அவர் அங்கிருந்து எழுதுவார், ஒரே காகிதத்தில் இரண்டு பேனா போட்டு எழுதுவது மாதிரி.

ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இடைவெளியை இரண்டு முறை அழுத்துவார். ஒருமுறை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது என்பது அவர் கட்சி. ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான்: ‘இருக்கியாம்மா’. பிறகு எதிர்வீட்டுத் தையல்காரர் சட்டையைப் பாழாக்கிய கதை, முழங்கால் வலி, மருமகனின் ரயில் இப்போது எங்கே போகிறது என்ற விசாரணை. பாதிப் பேச்சில் தூங்கிவிடுவார். கை விசைப்பலகை மேலேயே கிடக்கும், திரையில் ஏதாவது ஒரு எழுத்து வரிவரியாக ஓடும். அவள் இங்கிருந்தே அதைத் துடைத்துவிட்டு, தூங்குங்கள் என்று எழுதி மூடுவாள்.

எழுபது நாளுக்கு முன் ஒரு மாலையிலும் அப்படித்தான் ஓடியது. ம்ம்ம்ம்ம்ம் என்று பக்கம் பக்கமாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ‘நான் சொல்றதுக்கெல்லாம் ம் போட்டது போதும். போய்ப் படுங்கப்பா, நாளைக்குப் பேசலாம்’ என்று எழுதிவிட்டுத் திரையை மூடினாள். மறுநாள் ஆறு மணிக்கு நுழைந்தபோது அவள் எழுதிய வரிக்குக் கீழே இன்னும் ம்ம்ம்ம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

“கை கீபோர்டு மேலயே இருந்துச்சும்மா. தூங்குறாருன்னுதான் நானும் நினைச்சேன்” என்றார் அவர்.

எத்தனை மணிக்கு என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாலையாகவும் இருக்கலாம், இரவாகவும் இருக்கலாம் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சின்னு எழுபது நாளாகச் சுமந்துகொண்டிருந்தாள். அவள் மூடியபோது அவர் இருந்தாரா? அந்த ம் உதவிக்குக் கூப்பிட்டதா? இதற்குப் பதில் தெரியாமல் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. அவள் அழாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். எதற்காக அழுவது என்று தெரிந்தால்தானே அழ முடியும்.

அன்று கணவனிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவன் சரக்கு ரயில் ஓட்டுபவன். கிளம்பினால் திரும்ப ஐந்தாறு நாள் ஆகும். யாரோ சாவியைக் காப்பி அடித்திருக்கிறான் என்றான், வேறு வேலை இல்லாதவன் எவனோ. தொடர்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்தாயா என்று கேட்டான். பார்த்திருந்தாள். அப்பாவின் ஊரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

“ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற. உன் வீட்ல நடந்தா மட்டும் யோசிப்பியா? அழிச்சுத் தொலை” என்றான்.

நாளைக்கு அழிக்கிறேன் என்றாள்.

புதன்கிழமை ஆறு மணிக்கு அழிப்பதற்காகத்தான் உட்கார்ந்தாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகவரியைப் பார்த்தாள். தொடர்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எண் அது; நேற்று இருந்த எண் இல்லை. தேடிப் பார்த்தால், அப்பாவின் ஊருக்கு இந்தப் பக்கம், பேருந்து முதலில் நிற்கும் ஆற்றுப் பாலத்து ஊரைக் காட்டியது. விரல் அழிக்கும் பொத்தான் வரை போய்த் திரும்பி வந்து ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தது.

திரை உடனே வந்தது. பள்ளிச் சீருடையில் ரெட்டைப் பின்னலோடு அவளே சிரிக்கும் படம், ஓரத்தில் அவர் தப்பாக இழுத்துப் போட்ட நாற்பது ஐகான்கள், நடுவில் நோட்பேட். அவள் எழுதிய கடைசி வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஓடிய ம்ம்ம்ம் இல்லை, கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அறைக்குள் ஏதோ நாறியது போலிருந்தது. நனைந்த காகிதத்தின் நாற்றம். மில்லிலிருந்து அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையோடு கூடவே வரும் நாற்றம் அது. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டே அப்பா வந்தாயிற்று என்று சொல்லிவிடுவாள்.

யார் என்று எழுதினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பிறகு ஒரு எழுத்து வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் ஒற்றை விரலின் வேகம்.

‘இருக்கியாம்மா’

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது கீழே இன்னொரு வரி இருந்தது. ‘ரொம்ப  தூரமா  இருக்கு’. சொல்லுக்குச் சொல் இரண்டு இடைவெளி. சாவியைத் திருடலாம். இதை எவன் திருடுவான்?

அப்பா என்று எழுதினாள். எழுதிவிட்டு, தான் எழுதியதைத் தானே பார்த்துப் பயந்தவள் போல் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

வியாழக்கிழமை அலுவலக வேலை ஓடவில்லை. நாலு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதற்குப் பெயர் ஆசை. முகவரி இப்போது பாதி வழியில், சுங்கச்சாவடி இருக்கும் ஊரைக் காட்டியது. பேருந்தில் வந்தால் ஐந்து மணி நேரம். நடந்து வந்தால்? அந்த நினைப்பை அவள் ஒதுக்கித் தள்ளினாள். திரையில் வரிகள் ஏற்கெனவே காத்திருந்தன.

‘கால்  வலிக்குது’

‘ஏன்  கூப்பிட்டுக்கிட்டே  இருக்க’

‘உக்கார  விட  மாட்டேங்குற’

நான் கூப்பிடவில்லையே என்று எழுதினாள். எழுதும்போதே மேசை ஓரத்தில் இருந்த சோப்புப் பெட்டி சர்வரில் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இன்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தைந்தில் மறுபடி சிமிட்டியது.

அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் வீட்டு இணைப்பு லேசில் தூங்கிவிடும். கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றால் நடுவில் இருக்கும் ரூட்டர் வழியை மூடிவிடும். அது மூடாமல் இருக்க, இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை ஒன்றுமே எழுதாத ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பும் வசதி உண்டு. வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் வைப்பார்கள். அப்பாவின் பக்கம் அடிக்கடி அறுந்துபோனதால் அவள் பிடிவாதமாகத் தன் பக்கத்திலும் வைத்திருந்தாள். சாவியை அழிக்காததால் அதுவும் நிற்கவில்லை. எழுபது நாள். ராத்திரி பகல் இல்லாமல், இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை, கண்ணை மூடிய ஒரு மனிதரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கினால் போதும். அமைப்புப் பக்கத்தைத் திறந்தும் விட்டாள். இருபத்தைந்து என்ற எண்ணின் மேல் சுட்டியை வைத்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. இதை நிறுத்திவிட்டால் இனி யாரிடம் கேட்பது? ஒரே ஒரு கேள்வி. கேட்டுவிட்டு நிறுத்திவிடலாம்.

‘அப்பா, அன்னைக்கு நான் மூடும்போது நீங்க இருந்தீங்களா?’

பதில் வரவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு வரி வந்தது, அவள் கேட்டதற்கான பதில் இல்லை அது.

‘கால்  தேயுது’

திரை அறுந்துபோனது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவார், நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை திரை வரவே இல்லை. முகவரி மட்டும் நகர்ந்து, மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் சிமெண்ட் ஆலை ஊரைக் காட்டியது. கணவன் கூப்பிட்டான். வழக்கமான கிண்டல் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்டான். அழித்தாயா என்றான். இல்லை என்றாள்.

“நேத்து சாயங்காலம் சிமெண்ட் ஆலைக்கு முன்னாடி வளைவு ஒண்ணு வரும்ல, அங்க தண்டவாளத்து ஓரமா ஒரு பெரியவர் நடந்து போனாரு” என்றான். “ஹார்ன் அடிச்சேன். விடாம அடிச்சேன். திரும்பவே இல்ல.”

அவள் திரையில் இருந்த ஊர்ப் பெயரை மறுபடி பார்த்தாள்.

“நம்ம பக்கமாத்தான் நடந்தாரு. நடை உங்கப்பா மாதிரியே இருந்துச்சு. ஆனா குள்ளமா இருந்தாரு, சின்னு. ரொம்பக் குள்ளமா.” பிறகு, கெஞ்சுகிற குரலில், “அதை அழிச்சுடு” என்றான்.

அவர் போகட்டும் என்று அவளுக்கும்தான் இருந்தது. அவர் போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்பதும் தெரிந்திருந்தது. பதில் இல்லாமல் இன்னும் முப்பது வருடம், ஒவ்வொரு மாலை ஆறு மணியும். பெற்றவரை விடவா ஒரு பதில் பெரிது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டாளே தவிர அந்த எண்ணைத் தொடவில்லை.

சனிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நாலரை மணிக்கு மின்சாரம் போயிற்று. சர்வரும் ரூட்டரும் மட்டும் பேட்டரியில் ஓடின. அறையில் லேப்டாப் வெளிச்சமும், ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சமும் தவிர வேறில்லை. ஆறு மணிக்குத் திரை வந்தது. முகவரியைப் பார்த்தாள். தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவளுக்கு மனப்பாடமான எண் அது. அவள் வீட்டு ரூட்டரின் எண்.

கீழே வாசல் கேட்டின் கொண்டி கிறீச்சிட்டது.

அது மூன்றாவது மாடி வீடு. தளத்துக்குப் பதினெட்டு படி, மொத்தம் ஐம்பத்து நான்கு. மழையில் படிக்கட்டு முழுக்கத் தண்ணீர்ச் சத்தமாக இருந்தது. அதற்கு நடுவில் தனியாக ஒரு சத்தம். ஈரமான எதையோ தூக்கிக் கல்லின் மேல் வைப்பது போல. பச்சை விளக்கு சிமிட்டியது. பிறகு அமைதி. எண்ணினாள். இருபத்தைந்தில் விளக்கு சிமிட்டியது. அதே நொடியில் அடுத்த படியில் அந்தச் சத்தம்.

அவள் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

இப்போதே நிறுத்தலாம். நிறுத்தினால் படிக்கட்டில் நின்றுவிடுவார், மழையோடு மழையாகத் திரும்பிப் போய்விடுவார். அமைப்புப் பக்கம் ஒரு ஜன்னலில், நோட்பேட் ஒரு ஜன்னலில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. ஏழாவது படி. எட்டாவது. நோட்பேடில் எழுத்து விழ ஆரம்பித்தது. படிக்கு ஒரு சொல்.

‘நீ’

‘மூடும்போது’

இன்னும் ஒரு சொல். ஒரே ஒரு சொல் வரட்டும்.

‘இருந்தேன்’

வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, அது அவளுடைய குரலாகவே இல்லை. படிகள் நிற்கவில்லை. சொற்களும் நிற்கவில்லை.

‘கை  நகரல’

‘நீ  எழுதுனத  படிச்சேன்’

‘சிரிச்ச’

‘மூடிட்ட’

மன்னித்துவிடுங்கள் என்று எழுதினாள். மறுபடி எழுதினாள். பத்து தடவை, இருபது தடவை. கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன் அப்பா, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. எத்தனையாவது படி என்று விட்டுப்போயிற்று. நாற்பது இருக்கும். நாற்பத்தைந்து. கதவுக்கு அடியிலிருந்து நனைந்த காகித நாற்றம் வந்தது. சத்தம் இப்போது அவர்கள் தளத்தில்தான் கேட்டது. தூக்கி வைப்பது. இழுப்பது. தூக்கி வைப்பது.

பிறகு சத்தம் இல்லை.

விளக்கு சிமிட்டியது. சத்தம் இல்லை. திரையில் ஒரே வரி.

‘வந்துட்டேன்’

பயம். அவ்வளவுதான். அத்தனை துக்கத்தையும் மிதித்துக்கொண்டு பயம் ஒன்றே மேலே வந்தது. கை தானாகப் போயிற்று. அப்பா. அழி. உறுதியா? ஆம்.

பட்டியலில் ஒரு வரிதான் மிஞ்சியது. ரிமோட் டெஸ்க்டாப் கறுத்தது. ரெட்டைப் பின்னல் சிரிப்பு, நாற்பது ஐகான்கள், நோட்பேட், எல்லாம் போயின. பச்சை விளக்கைப் பார்த்தாள். இருபத்தைந்து எண்ணினாள். சிமிட்டவில்லை. இன்னொரு இருபத்தைந்து. சிமிட்டவில்லை. மழை மட்டும் பெய்தது.

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எழுபது நாள் அழாத அழுகை. அது ஓய்ந்தபோது உடம்பு லேசாகியிருந்தது. போய்விட்டார். கேட்டதும் கிடைத்துவிட்டது, அவரையும் விட்டாயிற்று. இனி உட்கார்ந்துகொள்வார், யாரும் கூப்பிட மாட்டார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில், அலுவலகத்தில் ஒரு சாவியை அழித்த பிறகு மனசுக்குள் ஓட்டிப்பார்க்கும் வரிசையை ஓட்டிப்பார்த்தாள். சாவி அழித்தாயிற்று. அதற்கு முன்னால், உள்ளே இருக்கிறாரா என்று.

பார்க்கவில்லை.

முதலில் வெளியே அனுப்ப வேண்டும். பிறகுதான் சாவி. வறுத்தெடுத்த புதுப் பெண்ணின் முகம் ஒரு கணம் வந்து போனது.

நாற்றம் இன்னும் போகவில்லை. கூடியிருந்தது.

வேலை அறைக் கதவைத் திறந்தாள். கூடம் அரையிருட்டில் கிடந்தது. வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. அதிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் தரையில் ஈரம். காலடிகள் இல்லை. இரண்டு பட்டையான ஈரக் கோடுகள்.

மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முதுகு காட்டி. அதே கோடு போட்ட சட்டை. முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. வெட்டியதல்ல, நடந்து தேய்ந்தது. கால்சட்டையின் நுனி கந்தலாகக் கூழாகித் தொங்கி, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அப்பா” என்றாள்.

திரும்பவில்லை. அவருக்கு எப்படிக் கேட்கும்.

வலது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலை நீட்டி, வெறும் மேசைப் பலகையில் எதையோ தேடினார். கண்டுபிடித்து அழுத்தினார். இரண்டு முறை இடைவெளி. பிறகு முகத்தை நிமிர்த்தி, திரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவள் எழுதுவாள் என்று. வந்த வழி இல்லை. அவரிடம் போங்கள் என்று சொல்வதற்கும் வேறு வழி இல்லை. அவளே அழித்துவிட்டாள்.

“அப்பா, நான் இங்க இருக்கேன்பா.”

ஒன்று, இரண்டு, மூன்று. அவளை அறியாமலே எண்ணினாள்.

இருபத்தைந்தில் விரல் மறுபடி இறங்கியது. இந்தமுறை எடுக்கவில்லை. தலை மெல்லச் சாய்ந்து மேசையில் படிந்தது, கை அங்கேயே கிடந்தது, பலகையின் மேல் அந்த ஒரு விரல் மட்டும், நகம் வெளுக்க, அழுத்தியபடியே இருந்தது.